அம்மாவுக்கு வல்லாரை அரைக்கிறேன்

முரளி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ எந்தத் துறைமுகத்தில் இருப்பாயோ, எனக்குத் தெரியாது. பம்பாயில் இருக்கும் உன் கம்பெனி ஆபீசுக்கு அனுப்பினால் கப்பல் போகும் இடத்துக்கு அவர்கள் அனுப்பிவைப்பார்கள் என்று சொல்லியிருந்தாய். எப்போது கிடைக்கிறதோ அப்போது படி. ஆனால் அவசரமாகப் படிக்காதே. போன வாரம் சிங்கப்பூரிலிருந்து நீ பேசினாய். "இந்த லீவுக்கு வரலப்பா. இன்னொரு கான்ட்ராக்ட் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றாய். ஏன் என்று கேட்டேன். "வந்து என்னப்பா ஆகப்போகுது? அம்மாவுக்கு என்னை யாருன்னே தெரியல" என்றாய். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தாலும் நான் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஃபேக்டரியில் மிஷின் படங்கள் வரைந்தே பிழைத்தவன் நான். எதையும் கையில் பென்சிலோடு உட்கார்ந்தால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

உன் அம்மா யாராக இருந்தாள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ சின்ன வயதிலேயே கப்பல் படிப்புக்குப் போய்விட்டவன். அவளை நீ அடுப்படியிலும் ரயில்வே ஸ்டேஷனிலும்தான் பார்த்திருப்பாய். வேலை செய்யும் இடத்தில் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். டெலிபோன் ஆபீசில் ட்ரங்க் கால் போர்டுக்கு முன்னால், காதில் ஹெட்ஃபோனும் எதிரில் பலகை நிறைய ஒயர்களுமாக உட்கார்ந்திருப்பாள். எண்பதுகளில்கூட வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? பல்லாவரத்துத் தோல் வியாபாரி ஒருவர் வாணியம்பாடிக்கு அடிக்கடி பேசுவார். அவர் "ஹலோ" என்று வாயைத் திறந்ததுமே இவள், "அந்த நம்பர்ல காலைல யாரும் எடுக்கல சார். கடைக்குப் போடட்டுமா?" என்பாள். கடை நம்பர் அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு தரம் கேட்ட எண் அவளிடம் தங்கிவிடும். ஒரு தரம் கேட்ட குரலும் அப்படித்தான். உன் ஸ்கூல் வாத்தியார் பேர், பால்காரன் பெண்டாட்டியின் பிரசவ தேதி, எனக்கு டைஃபாய்டு வந்த மழைக்காலம் எல்லாம் அவளிடம்தான் இருந்தன. நான் எதையும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. அவள் இருக்கும்போது எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு வார்த்தைகள் தடுமாற ஆரம்பித்தன. "அந்த... அதை எடுங்க" என்பாள். கரண்டி என்ற சொல் வராது. ரசத்தில் உப்பு இரண்டு முறை விழும், மறுநாள் விழவே விழாது. வயசாகிறது, இருவருக்கும்தான் ஆகிறது என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் காலை குரோம்பேட்டை மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனவள் மத்தியானம் வரை வரவில்லை. தெருத்தெருவாகத் தேடிவிட்டு, ஒருவேளை திரும்பியிருப்பாளோ என்று நான் வீட்டுக்குள் நுழைகிறேன், போன் அடிக்கிறது. "சார், ஊரப்பாக்கம் டேசனாண்ட எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து பேசறேன். இங்க ஒரு அம்மா ரொம்ப நேரமா ஒக்காந்துகினு கீறாங்க. பேரு கேட்டா முழிக்கிறாங்க. வூடு எங்கன்னா தெர்லன்றாங்க. நம்பர் மட்டும் டக்குனு சொன்னாங்க சார்!" என்றார் ஒருவர். காய்ப்பையோடு பழக்கத்தில் ஸ்டேஷனுக்குள் போயிருக்கிறாள். இத்தனை வருஷம் வேலைக்குப் போய்வந்த கால்கள் அவை. வந்து நின்ற ரயிலில் ஏறியிருக்கிறாள். அது பட்டணத்துக்கு, பீச் ஸ்டேஷனுக்குப் போகிற ரயில் இல்லை, செங்கல்பட்டு போகிற ரயில். அறியாத ஸ்டேஷன்கள் வரவும் பயந்து ஊரப்பாக்கத்தில் இறங்கிவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரத்து பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊரப்பாக்கம் உனக்குத் தெரியும், சுற்றிலும் வயலும் பனையும்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து, "எவ்வளவு நேரம்தான் லைன்ல வெயிட் பண்றது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தவன், அழ ஆரம்பித்துவிட்டேன். அவளுக்குத் துணையாக நின்ற பூத்துக்காரர் கூச்சத்தோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் பேரை மறந்தவள் நம் வீட்டு நம்பரை மறக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். எது போகிறது, எது நிற்கிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. அதனால் எதையும் போய்விட்டது என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் காட்டினேன். ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையுங்கள் என்றார். வட்டம் நன்றாகத்தான் போட்டாள். எண்களை எல்லாம் ஒரு பக்கமாகவே அடுக்கிவிட்டு, மறு பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதோ தப்பு என்று தெரிகிறது, என்ன தப்பு என்று தெரியவில்லை. ஆயுள் முழுக்க வட்டமும் கோடும் போட்டவன் நான், அந்தப் படத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது வயசுல வர்ற சாதாரண மறதி இல்ல சார். மெதுவா கூடிக்கிட்டுத்தான் போகும். நிறுத்தறதுக்கு இப்ப மருந்து கிடையாது. பிபி மாத்திரையையும் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையையும் விடாம கொடுங்க. நடக்க வைங்க, நல்லா தூங்க வைங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றார். நல்ல மனுஷர். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு புருஷன் வெறும் கையோடு வீடு திரும்புவது எப்படி? எனக்குச் செய்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு சித்த வைத்தியர் அம்மா இருந்தார். படித்துப் பட்டம் வாங்கியவர், உன்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். பை நிறைய மருந்து வாங்கும் எண்ணத்தோடு போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவர்ற மூலிகை இருக்குன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்கய்யா. நானே சொன்னாலும் நம்பாதீங்க" என்றார். பின்னே எதற்கு வல்லாரை, நீர்ப்பிரமி என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "புத்திக்கு நல்லதுன்னு காலங்காலமா சாப்பிட்டிருக்கோம், அது நிஜம். மருந்தா நினைக்காதீங்க, சாப்பாடா நினைங்க. வல்லாரையை வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் துவையலோ கூட்டோ செய்யுங்க. மிளகாயைக் குறைச்சு மிளகு போடுங்க, புளி வேண்டாம். பால்ல மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டுக் கொடுங்க. வாய்க்கு ருசியா இருந்தா பசி எடுக்கும், சாப்பிட்டா தெம்பு வரும். அது போதும்னு தோணினா செய்யுங்க" என்றார். அதையும் போய் நரம்பு டாக்டரிடம் சொன்னேன். "கீரைதானே, தாராளமா கொடுங்க. லேகியம், மாத்திரைன்னு எதையாவது வாங்கினா மட்டும் என்கிட்ட காட்டாம கொடுக்காதீங்க. ஏற்கெனவே சாப்பிடற மாத்திரையோட அது சண்டை போடும்" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்.

மார்க்கெட்டில் வல்லாரை வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வந்தாலும் வாடியிருக்கும். நமக்கு மனை விற்றாரே ராஜவேலு, அவரிடம் கேட்டேன். நம் காலனி நிற்கும் இடத்தில் அவர் அப்பா ஏர் ஓட்டியவர். இவர் இப்போது செங்கலும் மணலும் விற்கிறார். "இன்னா சார், வல்லாரைக்கா இம்மாந்தூரம் யோசிக்கிறீங்க? செம்பாக்கம் ஏரிக்கரையாண்ட தரையெல்லாம் அதான கீது. நாங்க மாட்டுக்குப் போடுவோம் சார் அத்த" என்று சிரித்தார். நானும் அம்மாவும் அவரோடு நடந்தே போனோம். கரையின் ஈரத்தில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. அம்மா புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, வேரோடு ஒவ்வொரு கொடியாக எடுத்துப் பையில் போட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் வேலை செய்பவளின் களை இருந்தது. கொண்டுவந்து அடிபம்பு ஓரத்தில் வைத்தோம். தண்ணீர் அடிக்கும்போது வழிவது வீணாகாமல் அதற்குப் போகும். கோடையில் பம்பில் காற்றுதான் வரும், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்போம். அப்போதும் அரிசி களைந்த தண்ணீர் அதற்கு உண்டு. ஒரு கோடையில் முழுவதும் காய்ந்துவிட்டது. மறுபடி ஏரிக்கரைக்குப் போனோம். ஏரிக்கரை வரை ஒரு நடை என்பது அப்படித்தான் எங்களுக்குப் பழக்கமானது. பிறகு வல்லாரை தேவைப்படாத நாளிலும் போனோம்.

இனி சமையலறைக்கு வருகிறேன். உன் அப்பா அடுப்பு மூட்டத் தெரியாதவன் என்று உனக்குத் தெரியும். முதல் நாள் துவையல் செய்தபோது கீரையைத் தண்டோடு, முற்றின இலையோடு அப்படியே போட்டு அரைத்துவிட்டேன். ஒரு வாய் வைத்ததும் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தண்டைக் கிள்ளலையா?" என்றாள். இல்லை என்றேன். "வேப்பிலையையே அரைச்சிருக்கலாமே" என்றாள். முரளி, கரண்டி என்ற சொல் வராதவள் அவள். இன்னொரு நாள், அவள் கூடத்தில் உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் உள்ளே உளுத்தம்பருப்பை வறுக்கிறேன். "போதும், இறக்குங்க. கருகிடும்" என்று அங்கிருந்தே குரல் வருகிறது. எட்டிப் பார்த்தால் பருப்பு சரியாகச் சிவந்திருக்கிறது. அவள் மூக்குக்கு எல்லாம் தெரிந்திருந்தது. புளி வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்ததால் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். "புளி இல்லாம ஒரு துவையலா? யாரு சொன்னது?" என்று சண்டைக்கு வந்தாள். வைத்தியர் சொன்னார் என்றேன். "அவங்க வீட்டுல அப்படித் தின்னட்டும்" என்றாள். அன்றிலிருந்து கொஞ்சம் புளி வைக்கிறேன். அவளோடு சண்டை போட ஒரு விஷயம் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

வல்லாரையைச் சாப்பிட்டு அவள் தேறிவிட்டாள் என்று எழுதினால் உனக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். அப்படி நடக்கவில்லை. வைத்தியர் அம்மா சொன்னது போலத்தான் நடந்தது. பசி வந்தது. நடந்து வந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாள். மறதி தன் பாட்டுக்குத் தன் வேகத்தில் கூடியது. ஆனால் கீரை ஆய்கிற நேரம் என்று ஒன்று எங்களுக்கு ஏற்பட்டது. முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்காருவோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே வேலையை ஒன்றாகச் செய்தது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். அவள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது நான் கிளம்புவேன், நான் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். இப்போதுதான் அவள் விரல்களைப் பார்க்கிறேன். இலையைத் திருப்பி, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, கிள்ளி, கிண்ணத்தில் போடுகிற விரல்கள். அந்த விரல்களுக்குத் தயக்கமே கிடையாது.

போன வருஷம் நீ வந்தாய். மீனம்பாக்கத்திலிருந்து டாக்சியில் வந்து இறங்கினாய். கையில் அவளுக்கென்று ஒரு மாத்திரைச் சீசா. ஏதோ சீன மரத்து இலையின் சத்து, மூளைக்கு நல்லது, ஜப்பானில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள் என்றாய். வாசலில் நின்ற அம்மா உன் கன்னத்தைத் தொட்டு, "ரகு, எப்படா வந்தே? இளைச்சுப் போயிட்டியே" என்றாள். ரகு அவள் தம்பி. கல்லூரி படிக்கும்போதே மஞ்சள்காமாலையில் போனவன். நீ பார்த்ததுகூடக் கிடையாது. நீ சிரிக்க முயற்சி செய்தாய். "அம்மா, நான் முரளி" என்றாய். "முரளியா? எனக்கு அப்படி யாரையும் தெரியாதே" என்று அவள் மரியாதையாகச் சொன்னாள், போர்டில் உட்கார்ந்து ராங் நம்பருக்குச் சொல்வது போல. அப்புறம் நீ விடவில்லை. காலையில் எழுந்ததும் "நான் யாரு சொல்லுங்க?" சாப்பிடும்போது "நான் யாரும்மா?" ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு "இது யாரு, இது யாரு?" அவள் பதில் தெரியாத பிள்ளை மாதிரி விழித்தாள். பிறகு உன்னைப் பார்த்தாலே அறைக்குள் போக ஆரம்பித்தாள். நீ வேண்டுமென்று செய்யவில்லை. உன் தவிப்பு எனக்குப் புரிந்தது.

நீ கொண்டுவந்த சீசாவை டாக்டரிடம் காட்டினேன். அவள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையோடு அது சேராது, ரத்தக்கசிவு வரலாம், கொடுக்க வேண்டாம் என்றார். அதைச் சொன்னதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. "இலையை அரைச்சுக் கொடுத்தா மட்டும் மூளை வளந்துடுமாப்பா? நீங்க உங்களையே ஏமாத்திக்கறீங்க" என்று கத்தினாய். அம்மா கூடத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லீவு முடிவதற்கு முன்பே நீ கிளம்பிவிட்டாய். நீ போன பிறகு அந்தச் சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அதுவும் இலைதான், நான் அரைப்பதும் இலைதான். அவளை எப்படியாவது திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றுதான் இருவரும் இலையைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம். அன்று அதை உன்னிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ போன பிறகு நடந்த ஒன்றை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும். கார்த்திகை மாதம், நல்ல மழை. பக்கத்து வீட்டு வசந்தா அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். குழந்தை வயிறு உப்பி, காலை உதைத்து, விடாமல் அழுதுகொண்டிருந்தது. வசந்தா அக்கா விளக்குச் சுடரில் வசம்பைச் சுட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கருகின வாசனை உனக்குத் தெரியுமோ என்னவோ. காரமும் மண்ணும் கலந்த மாதிரி ஒரு நெடி, அறை முழுக்கப் பரவியது. அம்மா நின்ற இடத்திலேயே மூக்கை உயர்த்தினாள். பிறகு நேரே போய், "பேர் சொல்லாததா? அதை இப்படிக் கொடு" என்று வசந்தா அக்காவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சாயங்கால வேளையில் வசம்பைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பேர் சொல்லாதது என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழக்கம்கூட அவளை விட்டுப் போகவில்லை. கருகின முனையைக் கல்லில் இழைத்து, விளக்கெண்ணெயில் குழைத்து, விரல் நுனியில் எடுத்துக் குழந்தையின் தொப்புளைச் சுற்றி வட்டமாகத் தடவினாள்.

தடவிக்கொண்டே பேசினாள். யாரிடம் என்று இல்லாமல், தன்பாட்டுக்கு. "சுத்தித்தான் போடணும். உள்ளே போடக் கூடாது. முரளிக்கு நான் இப்படித்தான் போடுவேன். அவனுக்கும் இப்படித்தான், சாயங்காலமானா அழுகை. தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா நிறுத்துவான். உட்கார்ந்தா கண்டுபிடிச்சிடுவான். அவனை ஏமாத்தவே முடியாது." வசந்தா அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயில் விரலை வைத்தேன். மூச்சு விட்டால்கூடக் கலைந்துவிடும் போல இருந்தது. குழந்தையின் அழுகை தேய்ந்தது. அம்மா அதன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இது முரளி இல்லையே?" என்றாள். இல்லை என்றேன். "அவன் எங்கே?" என்று கேட்டாள். முரளி, என்னைத்தான் கேட்டாள், என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "கப்பல்ல வேலை பார்க்கிறான் சரோஜா. கடல்ல இருக்கான்" என்றேன். அவள் வெளியே மழையைப் பார்த்தாள். "கடல்லயா? எல்லாம் ஈரமா இருக்குமே. தலையைத் துவட்டிட்டுப் படுக்கிறானோ என்னவோ. சொன்னாத்தான் செய்வான்" என்றாள்.

அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பும்போது குடைக்குள், "அந்தக் குழந்தைக்குப் பேர் என்ன வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். நான் உன் பேரைச் சொல்லிப் பார்த்தேன். "நல்ல பேர்" என்றாள். மறுநாளே தாம்பரம் நாட்டு மருந்துக் கடையில் வசம்பு வாங்கி வந்து வீட்டில் சுட்டேன். வாசனை வந்தது, அவள் தும்மினாள், ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். அடுத்த நாளும் சுட்டேன். அதற்கடுத்த வாரமும். ஒன்றும் வரவில்லை. வைத்தியர் அம்மாவிடம் சொன்னபோது, "அதை உள்ளுக்கு மட்டும் கொடுத்துடாதீங்கய்யா" என்று முதலில் எச்சரித்தார். பிறகு, "வாசனை ஒரு வழி திறக்கும். எப்பத் திறக்கும்னு நம்ம கையில இல்ல" என்றார். இரண்டாவது தரம் அது நடந்தால் நீ பேசும்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை. ஆகவே அந்த ஒரு தரத்தையே இப்போது உன் கையில் கொடுக்கிறேன். அவள் உன்னை மறந்துவிட்டாள் என்று நீ எண்ணிக்கொண்டு ஒவ்வொரு கடலாகப் போய்க்கொண்டிருப்பது என்னால் தாங்க முடியவில்லை. நீ அவளுக்குள் எங்கோ இருக்கிறாய். கூப்பிட்டால் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

நீ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவை இவை. அவளிடம் எதையும் கேட்காதே, சொல். "நான் முரளி, உங்க பையன், பசிக்குதும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார். ரகு என்று கூப்பிட்டால் ரகுவாகவே இரு. தம்பியைத் திரும்பப் பார்த்த சந்தோஷத்தை அவளிடமிருந்து ஏன் பிடுங்க வேண்டும்? அஞ்சறைப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு இது என்ன, அது என்ன என்று நானும் ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பெட்டியைத் தட்டிவிட்டாள். கடுகும் வெந்தயமும் வீடெல்லாம் ஓடின. இப்போது சோம்பை உள்ளங்கையில் தேய்த்து, "சோம்பு வாசனை நல்லா இருக்கு, இல்ல?" என்கிறேன். பிடித்தால் பேசுவாள். பிடிக்காவிட்டால் பேச மாட்டாள். இரண்டும் சரிதான். முறத்துக்கு எதிரில் உட்கார்ந்து கீரை ஆய். அவள் கை வேலை செய்யும்போது மனசு பயப்படுவதில்லை. உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உன் அம்மா வீட்டில் எல்லாருக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு. நாற்பது வரட்டும் என்று இருக்காதே, இப்போதே பார்த்துக்கொள். சிகரெட்டை விடு. கப்பலில் நடக்க இடமில்லை என்று சொல்லாதே, மேல்தளத்தையே சுற்றி வா. மிளகும் பூண்டும் மஞ்சளும் உன் சமையல்காரரிடம் இருக்கும், கேட்டு வாங்கிச் சாப்பிடு. டாக்டர் சொல்வதையும் கேள். ஒன்றுக்காக இன்னொன்றை விடாதே.

எனக்கும் வயசாகிறது. இந்தத் துவையலை அவளுக்காக மட்டும் அரைக்கிறேன் என்று சொல்ல மாட்டேன், நானும் சாப்பிடுகிறேன். சில நாள் ஒரு பேர் நாக்கு நுனியில் நின்று வராமல் அடம் பிடிக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஞாபகம் வைத்திருப்பவன் இப்போது நான் ஒருவன்தான். நானும் தடுமாறினால் அவள் போர்டில் உட்கார்ந்திருந்ததை, ஊரப்பாக்கத்துப் பெஞ்சில் கேட்டதை, மழையில் உன் தலையைத் துவட்டச் சொன்னதை யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால்தான் எழுதுகிறேன். அதோடு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ரயில் போகிற சத்தம் கேட்கும் சாயங்காலங்களில், நீ பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டில் நடந்து வருகிற நடை கண்ணுக்குள் வந்துவிடுகிறது.

நேற்று விளக்கு வைக்கிற நேரம். தெருவில் மேய்கிற மாடுகள் உள்ளே வந்துவிடும் என்று கேட்டைச் சாத்தப் போனேன். அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். "சாத்தாதீங்க" என்றாள்.

"மாடு வந்துடும்மா."

"வந்தா வரட்டும். இன்னும் ஒருத்தர் வரணும்."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டே திரும்பினேன். அவளிடம் எதையும் கேட்கக் கூடாது என்று உனக்கு எழுதுகிறவனே அப்போது கேட்டுவிட்டேன். "யாரு வரணும் சரோஜா?"

அவள் தெருவையே பார்த்தாள். நெற்றி சுருங்கியது. உதடு இரண்டு முறை அசைந்தது.

"தெரியல. ஆனா எல்லாரும் வந்தாச்சுன்னு தோணலைங்க" என்றாள்.

கேட்டை விட்டுவிட்டு நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்பா